தள்ளிப் போனது

என் உடம்புக்குள் என் மாமியார் இருக்கிறார். இதைச் சொன்னால் சிரிக்காதவர்கள் கிடையாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சிரிக்க வேண்டியவர்கள் சிரித்து முடித்துவிடலாம். முழு மாமியார் இல்லை, அவருடைய இடது கிட்னி மட்டும். என் அடிவயிற்றில் வலது பக்கமாக வைத்துத் தைத்திருக்கிறார்கள். கை வைத்தால் தட்டுப்படும்.

எனக்கு இரண்டு கிட்னியும் பழுதாகி, டயாலிசிஸ் மெஷினோடு கட்டிப்போட்ட பிழைப்பு நடந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரரின் ரத்த வகை எனக்கு ஒத்துவரவில்லை. என் அம்மா இல்லை, அப்பாவுக்குச் சர்க்கரை. “அப்போ என்னோடதைப் பாருங்க” என்று அத்தை சொன்னபோது, யாருக்கோ எழுந்து சீட்டு கொடுக்கிற மாதிரிதான் சொன்னார். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இன்றைக்கும் வீட்டு வாசலில் நாலு பேர் வந்து நின்றால், “உள்ளே தள்ளிப் போங்க, இடம் இருக்கு” என்றுதான் வரவேற்பார். டிப்போவில் வண்டி நின்ற பிறகும் கடைசி ஆள் இறங்கும்வரை இவர் இறங்க மாட்டாராம். பின்சீட்டில் தூங்கிப்போன ஒருவரைப் பார்க்காமல் ஷெட்டில் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போன இன்னொரு கண்டக்டரைப் பற்றி இவர் சொல்லும்போது, கொலைக் குற்றவாளியைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும்.

எனக்கும் அவருக்கும் ஆகாது என்று சொல்ல மாட்டேன். கல்யாணமான நாளிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம், தொந்தரவே அதுதான். கழுவின பாத்திரத்தைக் கவிழ்த்து வைப்பதா, நிமிர்த்தி வைப்பதா என்பதில் ஆரம்பித்த வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை. நான் ஒரு பார்சல் கிடங்கில் ரிட்டர்ன் பிரிவில் வேலை பார்க்கிறேன். திரும்பி வருகிற ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு காரணம் பதிய வேண்டும். கதவு பூட்டியிருந்தது, விலாசம் தப்பு, வாங்க மறுத்துவிட்டார், இப்படி. “எங்க ரிட்டர்ன் மேடம் எதைக் கொடுத்தாலும் முதல்ல வேண்டாம்னுதான் சொல்லுவா” என்று அத்தை ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

கிட்னியை மட்டும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு உயிர்மேல் ஆசை இருந்தது.

வைத்ததுமே அது வேலையை ஆரம்பித்துவிட்டது. கட்டில் ஓரத்தில் தொங்கிய மூத்திரம் பிடிக்கிற பை மளமளவென்று நிறைந்தது. என் வீட்டுக்காரர் அந்தப் பையைப் பார்த்துவிட்டு வந்து தன் அம்மாவிடம் சொல்வதும், அவர் அடுத்த வார்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதுமாகச் சில நாள் போயின. ரத்தத்தில் எவ்வளவு கழிவு தேங்கியிருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எண் தினம் இறங்கிக்கொண்டே வந்தது. அத்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு மறுநாளே அந்த எண் ஏற ஆரம்பித்தது. பை பாதிகூட நிறையவில்லை. என் கால் மறுபடி வீங்கியது.

எங்கள் டாக்டரம்மாவுக்கு நான் வைத்த பெயர் ‘பார்க்கலாம்’. என்ன கேட்டாலும் கடைசியில் அந்த வார்த்தையில்தான் வந்து நிற்பார். மருந்து அளவு குறைந்திருக்கலாம் என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார், மருந்து சரியாக இருந்தது. குழாயில் அடைப்போ என்று ஸ்கேன் எடுத்தார், அடைப்பு இல்லை, ரத்த ஓட்டமும் நன்றாக இருந்தது. பிறகு ஊசியால் கிட்னியிலிருந்தே நூல் கனத்துக்கு ஒரு துணுக்கு எடுத்து அனுப்பினார்கள். ரிஜெக்‌ஷன் மாதிரி இருக்கிறது, ஆனால் வழக்கமாகப் பார்க்கிற மாதிரி இல்லை என்று வந்தது. வழக்கமாகக் கொடுக்கிற ஸ்டீராய்டை நரம்பில் ஏற்றினார்கள். வழக்கமாகக் கேட்கிற அது இந்தத் தடவை கேட்கவில்லை.

“ஒண்ணும் புரியலையே சிஸ்டர், என்னதான் ஆகுது?” என்று நர்ஸைக் கேட்டேன்.

“உடம்பு கிட்னியைத் தள்ளுதும்மா” என்றாள். அந்த நேரம் பார்த்து அத்தை கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். வீட்டில் இருக்கச் சொல்லியும் இருப்புக் கொள்ளாமல் வண்டி பிடித்து வந்திருந்தார். “தள்ளுதா?” என்று கேட்டார். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. வாழ்நாளெல்லாம் ஊரையே உள்ளே தள்ளிப் போகச் சொன்னவரை ஒரு உடம்பு வெளியே தள்ளுகிறது என்றால் அவர் என்ன செய்வார்.

இந்தக் கிட்னி போய்விட்டால் எனக்கு வேறு கிட்னி இல்லை, மறுபடி மெஷின்தான். அத்தைக்கும் ஒன்று வீணாகப் போயிருக்கும். கொடுத்ததைத் திருப்பிக்கூட வைக்க முடியாது. என் கிடங்கில் எந்தப் பெட்டியானாலும் அனுப்பியவர் வீட்டுக்கே திரும்பப் போய்ச் சேரும்.

இரண்டு நாள் கழித்து ‘பார்க்கலாம்’ டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அதிலேயே பாதி உயிர் போய்விட்டது.

“ஒவ்வொருத்தர் உடம்பு அணுவிலயும் சில அடையாளம் இருக்கும். பாதி அப்பா கொடுத்தது, பாதி அம்மா கொடுத்தது. உங்க அத்தைகிட்ட இருக்கிற ஒரு அடையாளத்தைக் குறி வச்சு உங்க ரத்தத்துல எதிர்ப்புப் பொருள் கிளம்பியிருக்கு. அதுதான் கிட்னியைத் தாக்குது.”

“ஆபரேஷனுக்கு முன்னாடி அதெல்லாம் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லைன்னீங்களே டாக்டர்” என்றார் என் வீட்டுக்காரர்.

“அப்போ இல்லை. இப்போ இருக்கு. அதுதான் எனக்கும் குழப்பமா இருக்கு. புது ஆள் உள்ளே வந்தா உடம்பு இவ்வளவு சீக்கிரம் பாயாது. ஆள் யாருன்னு பார்த்துப் புரிஞ்சுக்கவே அதுக்கு நாளாகும். இது அப்படியில்லை. ஏற்கெனவே தெரிஞ்ச ஆள் மேல வர்ற கோபம் மாதிரி இருக்கு.”

நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“டாக்டர், அவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணமான நாள்லேருந்தே பழக்கம்தான்.”

டாக்டர் சிரித்துவிட்டார். “அந்தப் பழக்கம் இல்லைங்க. ரத்தம் ரத்தத்தைப் பார்த்த பழக்கம். அது எப்படி நடந்திருக்கும்னு தெரியலை. தெரியிற வரைக்கும் காத்திருக்க முடியாது. அந்த எதிர்ப்பை வடிகட்டி எடுக்கிற வேலையை இன்னைக்கே ஆரம்பிக்கிறோம். உங்க ரத்தத்தையும் கொஞ்சம் கொடுத்துட்டுப் போங்க.”

“என்னோடதா? என்னோடதுதான் ஆகாதுன்னு முதல்லயே சொல்லிட்டீங்களே.”

“பார்க்கலாம்” என்றார்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு விஷயத்தை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு உடையாமல் கொண்டுபோகத் தெரியாது. வராந்தாவில் அம்மாவிடம் போய், “தெரிஞ்ச ஆள் மேல கோபமாம்மா, அதனாலதான் உடம்பு ஏத்துக்கலையாம்” என்று சொல்லி வைத்திருக்கிறார். அவ்வளவுதான். அத்தை அதற்குப் பிறகு என் அறைக்குள் வரவில்லை. லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்த இரும்பு நாற்காலியில் தினம் காலையில் வந்து உட்கார்ந்துகொள்வார், மாலையில் போவார். கதவு திறக்கும்போதெல்லாம் அவருடைய புடவையின் ஓரம் மட்டும் எனக்குத் தெரியும். நான் கூப்பிட்டனுப்பினாலும் வர மாட்டார். ஆறு வருஷம் பேசின பேச்செல்லாம் என் உடம்பில் ஏறி நின்றுகொண்டதாக அவர் கணக்கு. ஒருநாள் மகனிடம் செய்தி சொல்லி அனுப்பினார்: “பாத்திரத்தை அவ இஷ்டத்துக்கே நிமிர்த்தி வச்சுக்கட்டும். நான் இனிமே அதைப் பத்தி வாயைத் திறக்கலைன்னு சொல்லு.”

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. நான் அவரை எத்தனையோ தடவை மனதுக்குள் திட்டியிருக்கிறேன்தான். அதற்காக என் உடம்பு என்னைக் கேட்காமல் இப்படி ஒரு காரியம் செய்யுமா? செய்யும்போலத்தான் இருந்தது. ராட்சச மெஷின் ஒன்றைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். என் ரத்தம் ஒரு குழாயில் போனது, மெஷின் சிவப்பைப் பிரித்துத் திருப்பிக் கொடுத்தது, மஞ்சளாக இருந்த நீரை மட்டும் ஒரு பையில் பிடித்து வைத்துக்கொண்டது. அதற்குப் பதிலாக வேறு மஞ்சள் நீரை ஏற்றினார்கள். அது முடிந்ததும் இன்னொரு மருந்து, யார் யாரோ கொடுத்த ரத்தத்திலிருந்து சேர்த்து எடுத்ததாம். எனக்குள் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

கிரியேட்டினின் ஏறுவதை நிறுத்தியது, ஆனால் இறங்கவில்லை. அப்போதுதான் என் வீட்டுக்காரரின் ரத்தப் பரிசோதனை வந்தது.

டாக்டர் மறுபடி நாற்காலியை இழுத்தார். “அத்தைகிட்ட எந்த அடையாளத்தைப் பார்த்து உங்க உடம்பு சண்டை போடுதோ, அதே அடையாளம் உங்க வீட்டுக்காரர்கிட்டயும் இருக்கு. அவங்கம்மா கொடுத்ததுதான். உங்க உடம்புக்கு முதல்ல தெரிஞ்சது அத்தை இல்லை, இவர் வழியா வந்த ஒண்ணு.”

“அப்போ என்னையா பிடிக்கலை?” என்றார் அவர். பாவமாக இருந்தது.

“கூட வாழ்ந்தா மட்டும் இது வராதுங்க. ரத்தத்துல கலக்கணும்.” டாக்டர் என் பக்கம் திரும்பினார். “எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்காங்களா?”

“இல்லை டாக்டர். ரத்தம் ஊற ஊசிதான் போட்டாங்க.”

“குழந்தை?”

“இல்லைன்னு அப்பவே சொன்னேனே.”

“எப்பவாவது நாள் தள்ளிப் போயிருக்கா?”

“ஆமாங்க டாக்டர்” என்று என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். “ரெண்டு தடவை தள்ளிப் போச்சு. முதல் தடவை அம்மாவுக்குச் சளி. ரெண்டாவது தடவை உங்க தியேட்டர்ல ஏசி ரிப்பேர்.”

நர்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. “நான் ஆபரேஷன் நாளைக் கேக்கலைங்க” என்றார் டாக்டர். “இவங்களோட நாளைக் கேக்கறேன்.” என் வீட்டுக்காரருக்குக் காது சிவந்துவிட்டது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, “கிட்னி கெட்டதிலேருந்து அது எங்கே ஒழுங்கா வந்தது டாக்டர்” என்று சொல்ல ஆரம்பித்தவள் பாதியிலேயே நின்றுவிட்டேன்.

கிட்னி கெட்டுப்போயிருக்கிறது என்று எங்களுக்குத் தெரிவதற்குக் கொஞ்சம் முன்னால் அது. எனக்கு வாந்தி, அசதி, சமையல் வாசனையே ஆகவில்லை. மூன்று மாதம் போல வரவில்லை. கல்யாணமான புதிதிலிருந்தே அது எனக்கு முன்னே பின்னேதான் வரும், அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மத்தியானம் கிடங்கில் அலமாரிகளுக்கு நடுவே பெட்டி தூக்கிக்கொண்டிருந்தபோது இடுப்பு விட்டுப்போனதுபோல வலித்தது. கழிவறைக்குப் போய் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. வண்டி வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அத்தைதான் வெந்நீர்ப் பை வைத்துவிட்டு, துணி மாற்றிவிட்டு, “நாள் தள்ளிப் போய் வந்தா இப்படித்தான் கொட்டும், படு” என்றார். அதன் பிறகும் சோர்வு போகவில்லை என்றுதான் ரத்தம் பரிசோதித்தோம். கிட்னி என்று வந்தது. வாந்திக்கும் கிட்னி, அசதிக்கும் கிட்னி, அந்த மத்தியானத்துக்கும் கிட்னி. எங்கள் கிடங்கில் ஒரு பெட்டிக்கு ஒரு காரணம் பதிந்துவிட்டால் இரண்டாவது காரணத்துக்கு இடம் கிடையாது.

இதையெல்லாம் அப்படியே சொன்னேன். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“நிச்சயமா அதுதான்னு இத்தனை நாள் கழிச்சு யாராலயும் சொல்ல முடியாது” என்றார். “ஆனா எனக்கு வேற விளக்கம் தெரியலை. குழந்தைக்கு அப்பாவோட அடையாளத்துல பாதி வரும். அந்தக் குழந்தைக்கு வந்த பாதி, இவருக்கு இவங்கம்மா கொடுத்த பாதி. அதோட ரத்தம் துளி உங்க ரத்தத்துல கலந்திருக்கு. எதிர்ப்பு கிளம்பி, அடங்கி, டெஸ்ட்ல தெரியாத அளவுக்குப் போயிருச்சு. உடம்பு மட்டும் ஞாபகம் வச்சிருந்திருக்கு. அத்தை கிட்னியைப் பார்த்ததும் அது முழிச்சுக்கிச்சு. மருந்தை இதுக்கு ஏத்த மாதிரி மாத்தறேன். காப்பாத்திடலாம்னு நினைக்கிறேன்.” அன்றைக்கு அவர் பார்க்கலாம் என்று சொல்லவில்லை.

அவர் போன பிறகும் ஒரு வார்த்தை அறையிலேயே இருந்தது. குழந்தை. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் என்னிடம் அந்த வார்த்தையைச் சொல்லாமல்தான் ஆறு வருஷம் ஓட்டியிருந்தோம். என் வீட்டுக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. இருந்ததே தெரியாத ஒன்று போய்விட்டது என்று இப்போது அழுவதா, அது சரிதானா என்று புரியவில்லை. அழுகை அதையெல்லாம் கேட்டுக்கொண்டு வரவில்லை.

“அத்தையைக் கூப்பிடுங்க” என்றேன்.

“வர மாட்டாங்களே.”

“இப்ப வரலைன்னா நானே இந்தக் குழாயெல்லாம் பிடுங்கிக்கிட்டு வராந்தாவுக்கு வரேன்னு சொல்லுங்க.”

அத்தை வந்தார். தையல் போட்ட பக்கத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, கட்டிலிலிருந்து ரொம்பத் தள்ளி, கதவோரமாகவே நின்றார். தான் பக்கத்தில் வந்தால் என் உடம்பு இன்னும் கோபப்படும் என்று பயந்தாராம், பிறகு சொன்னார். நான் சொல்லத் தெரிந்த மாதிரி சொன்னேன். முதலில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, பேந்தப் பேந்த விழித்தார். அந்த மத்தியானத்தைப் பற்றிச் சொன்னதும் விளங்கிவிட்டது.

“ஏறினதே தெரியாம இறங்கிப் போயிருக்கு” என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

“என்னோடதை எடுத்துக்கிட்டு வந்திருந்துச்சா?”

“ஆமா அத்தை.”

“எது, மூக்கா?”

“மூக்கெல்லாம் தெரியாது அத்தை. ரத்தத்துல ஏதோ அடையாளமாம்.”

அவர் மெதுவாக நடந்து வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அந்தத் துணியை நான்தான் அலசிப் போட்டேன்.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் என் கையை விடுவித்துக்கொண்டு, போர்வைக்கு மேலாக என் வயிற்றின் வலது பக்கத்தில் தன் கையை வைத்தார். அங்கே இருப்பது அவருடைய கிட்னிதான். ஆனால் அவர் அதற்காக வைக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

மருந்து மாற்றியதும் எண் இறங்க ஆரம்பித்தது. பழையபடி முழுசாக இல்லை, கொஞ்சம் வடு இருக்கும், கவனமாக வைத்துக்கொண்டால் வெகுகாலம் ஓடும் என்றார் டாக்டர். பை மறுபடி நிறைந்தது. வடிகட்டுகிற வேலையில் கடைசித் தடவை மட்டும் பாக்கி இருந்தது. அன்றைக்கு அத்தை இரும்பு நாற்காலியை லிஃப்ட் பக்கமிருந்து இழுத்துக்கொண்டு வந்து மெஷினுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“சிஸ்டர், இந்த மஞ்சத் தண்ணியில என்ன இருக்கு?” என்று கேட்டார்.

“எதிர்ப்புப் பொருள் எல்லாம் இதுலதாம்மா வெளியே வரும். இன்னைக்கோட மிச்சம் மீதியும் போயிரும்.”

“போனா எங்க போகும்?”

“முடிஞ்சதும் கொட்டிருவோம்.”

அத்தை என்னைப் பார்த்தார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழந்தை இருந்தது என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் உண்டு, அது என் ரத்தத்தில் இருந்தது, அதைத்தான் கழுவி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நிறுத்துங்கள் என்று ஒரு கணம் வாய்வரை வந்தது. கிட்னி வேண்டும், நான் இருக்க வேண்டும், அத்தை கொடுத்தது நிலைக்க வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை.

பை மெல்ல நிறைந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. தையல் போட்ட உடம்போடு இவ்வளவு நேரம் உட்காரக் கூடாது என்று என் வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை வந்து, “அம்மா, வண்டி வந்து நிக்குது, வாங்க போலாம்” என்று தோளைத் தொட்டார்.

அத்தை பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இருடா” என்றார். “கடைசி ஆள் இறங்கட்டும்.”